வல்லைவெளியில் நின்ற வண்டி

பழுதுகள் இருவகைப்படும். ஒன்று நிலைத்து நிற்பது. மற்றொன்று வந்து வந்து மறைவது. முறிந்த அச்சை எவரும் காண்பர். அதனை மாற்றினால் வண்டி ஓடும். ஓடும்போது திடீரென நின்று, நின்றபின் ஒன்றும் நிகழாதது போல ஓடும் வண்டியோ வல்லவரையும் மயக்கும். அத்தகைய பழுதொன்று தேடிக் காணப்பட்ட வகையை இம்மலரிற் கூற விழைகின்றோம்.

எம் மாமனார் நெல்லியடியில் வாழும் கமக்காரர். அவரிடம் உள்ளது 1960களிற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் பிக்கப். இங்கிலாந்தில் மொறிஸ் மைனர் கார் 1948இல் வெளிவந்தது. அதன் பிக்கப் 1953இல் வந்தது. 1990இன் பின் குடாநாட்டிற் பெற்றோல் கிடைத்தற்கு அரிதானபோது, இத்தகைய பழைய வண்டிகளே மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அந்நாளில் வெங்காயத்தையும் விறகையும் மட்டுமன்றி, நள்ளிரவில் நோயாளரையும் சுமந்த வண்டி இது. ஆதலின் மாமனாருக்கு இது வெறும் இரும்பன்று.

சென்ற ஆண்டு சித்திரையிற் பழுது தொடங்கிற்று. திருநெல்வேலிச் சந்தைக்கு விடியுமுன் வெங்காயம் ஏற்றிச் செல்கையில் வண்டி இடைவழியில் நிற்கும். கராஜிற்குக் கொண்டு சென்றாலோ நாள் முழுதும் இயந்திரம் சீராகச் சுற்றும். ஓரிடத்திற் கொண்டென்சரை மாற்றினர். மற்றோரிடத்திற் கொயிலை மாற்றினர். மூன்றாமிடத்திற் பெற்றோல் பம்பையே மாற்றினர். செலவு வளர்ந்தது, பழுது நீங்கவில்லை. வல்லை முனியப்பரை வணங்காது சென்றதன் விளைவு என்றார் அயலவர் ஒருவர். அவ்வழியே செல்லுந்தோறும் கற்பூரம் கொளுத்துபவர் மாமனார். ஆகவே அக்காரணமும் பொருந்தவில்லை. ஆடி மாதத்தில், பழைய இரும்பாக விலைபேச வந்த தரகருக்கு அவர் அரைமனத்துடன் தலையசைத்துவிட்டார்.

அந்நிலையில் ஆவரங்காலிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் இயந்திர மூடியைத் திறக்கவே இல்லை. “ஓடுற வண்டியைக் காட்டி ஏன் நிக்குது எண்டு கேக்கிறியள், மாஸ்ரர். நிக்கேக்கை என்ன நடந்தது எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ,” என்றார். எவ்விடத்தில் நின்றது, புறப்பட்டு எத்துணை நேரத்தில் நின்றது, எவ்வாறு நின்றது, அவ்வேளை கால் எவ்வளவு அழுத்தியிருந்தது, மீண்டும் எழ எத்துணை நேரம் சென்றது என ஐந்து வினாக்களும் தந்தார்.

அவ்வினாக்களின் பயனை அவரே விளக்கினார். எரிபொருள் குறையின் இயந்திரம் இருமித் தள்ளாடி அடங்கும். மின்பொறி அற்றால் விளக்கை அணைத்தாற்போல் ஒரு நொடியில் நிற்கும். சூட்டினாற் கெடும் கொயில் எனின், ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். பெற்றோல் தாங்கி மூடியின் காற்றுத்துளை அடைபட்டதெனின், மூடியைத் திறக்குங்கால் காற்று உட்புகும் ஒலி கேட்கும். ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு குறி உண்டு. குறியைப் பாராது உறுப்பை மாற்றுதல் பணத்தை ஆற்றில் விடுவதாகும்.

ஓகஸ்ட் விடுமுறையில் மாமனாரின் அருகிலிருந்து குறிப்பெழுதினோம். இரு வாரத்தில் ஏழு முறை வண்டி நின்றது. ஏழு முறையும் வெட்டினாற்போல் நின்றது. ஏழு முறையும் ஆறவிடாமலே உடனே எழுந்தது. ஐந்து முறை வல்லைவெளியிலும், இரு முறை வெறிச்சோடிய நேர்வீதியிலும் நின்றது. சந்தை நெரிசலில் ஒருமுறையேனும் நிற்கவில்லை. நின்றபோதெல்லாம் கால் மெல்ல அழுத்தியபடி வண்டி ஒரே வேகத்திற் சென்றுகொண்டிருந்தது.

குறிப்பேட்டை வாசித்த முதியவர் நேரே டிஸ்ரிபியூற்றரைத் திறந்தார். கார்புரேற்றரிலிருந்து அதற்குச் செல்லும் மெல்லிய குழாயொன்று உண்டு. சீராக ஓட்டும்போது இயந்திரத்தின் உறிஞ்சல் அக்குழாய் வழியே சென்று, பொயின்ற் பொருந்திய தட்டைச் சிறிது திருப்பும். பொறி சற்று முந்தி எழும். தட்டுத் திரும்புந்தோறும் அதிற் பொருந்திய சிறு மின்கம்பியும் வளையும். பல்லாண்டு வளைந்த அக்கம்பி, மேலுறை குறையாது உள்ளே அறுந்திருந்தது. தட்டுத் திரும்பியபோது அறுந்த முனைகள் விலகின, பொறி அற்றது. வண்டி நின்றதும் தட்டு மீண்டது, முனைகள் தொட்டன, இயந்திரம் எழுந்தது. கராஜில் வெறுமனே சுற்றும்போது அக்குழாயில் உறிஞ்சல் இல்லை; ஆதலிற் பழுதும் தோன்றவில்லை.

இதனை அவர் சொல்லளவில் விடவில்லை. கம்பியைப் பற்றறியோடும் சோதனை விளக்கோடும் தொடுத்துவிட்டுக் குழாயை வாயால் உறிஞ்சினார். தட்டுத் திரும்பியது, விளக்கு அணைந்தது. விட்டார், விளக்கு எரிந்தது. மாமனார் ஒன்றும் பேசாது தாமும் ஒருமுறை உறிஞ்சிப் பார்த்தார். விரல் நீளக் கம்பியொன்று மாற்றப்பட்டது. அதன்பின் வண்டி இடைவழியில் நிற்கவில்லை. தரகர் வெறுங்கையுடன் சென்றார். முன்னர் மாற்றிய மூன்று உறுப்புகளிலும் குற்றமே இருந்திலது.

எம் தொழிலிலும் இத்தகைய பழுதுகள் உண்டு. ஒருநாள் பிழையற எழுதி, மறுநாள் வெற்றுத்தாளை நீட்டும் மாணவனை யாவரும் அறிவோம். சோம்பன் என்று பெயரிடுதல் எளிது. அது பாராது உறுப்பை மாற்றுவது போன்றது. எந்நாளில், எப்பாட வேளையில், எந்த வாங்கிலிருந்து அவன் தளர்கின்றான் என்று இரு வாரம் குறித்துப் பார்த்தல் வேண்டும். காலையுணவின்றி வந்த நாள்களாக அவை இருக்கலாம். பின்வாங்கிலிருந்து கரும்பலகை தெரியாத நாள்களாகவும் இருக்கலாம். பழைய மாணவருள் ஆசிரியப் பணி ஏற்றோர் பலராதலின், அவர்கள் மேசையில் அத்தகைய குறிப்பேடொன்று இருத்தல் நன்று என்பது எம் துணிபு.