அவரவர்க்கு ஏற்ற சரிவு

'ஆழம் அறியாமல் காலை விடாதே' என்பது நம் முன்னோர் மொழி. ஆற்றையும் குளத்தையும் எண்ணி அவர்கள் சொன்ன அம்மொழி, நீர் உறைந்து கிடக்கும் பனிமலைக்கும் பொருந்தும் என்பதைக் குல்மார்கில் நாங்கள் கண்டறிந்தோம்.

2024 பிப்ரவரியில், ஒன்பதாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்த எங்களில் 18 பேர், சிஸ்டர் ஒருவருடனும் உடற்கல்வி ஆசிரியையுடனும் காஷ்மீரத்திற்குப் பனிச்சறுக்குப் பயிற்சிக்காகச் சென்றோம். ஆலங்கட்டி மழையைத் தவிர வேறு பனிக்கட்டி வானிலிருந்து விழக் கண்டறியாதவர்கள் நாங்கள்! ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பயணம். வழியில் தங்மார்கில் வண்டிச் சக்கரங்களுக்குச் சங்கிலி பூட்டினார்கள். அவ்வாண்டு ஜனவரியின் பெரும்பகுதி பனியே இன்றிக் கழிந்ததாம். மாத இறுதியில்தான் வானம் மனமிரங்கிற்று. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூரைகளும் மரங்களும் வெண்பனியால் கனத்து நின்றன.

குல்மார்கை மூன்று படிகள் கொண்ட மலை எனலாம். முதற்படி, கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,650 மீட்டர் உயரத்திலுள்ள பரந்த புல்வெளி. கோடையில் கோல்ஃப் ஆடுமிடம், குளிர்காலத்தில் பனிவெளியாகிவிடுகிறது. 1902-இல் கட்டப்பட்ட புனித மரியாள் ஆலயம் அங்கே ஒரு மேட்டின்மீது நிற்கிறது. இப்புல்வெளியின் சரிவுகள் நம் ஊர் ஏரிக்கரையைவிடச் சற்று நீளமானவை, அவ்வளவே. புதிதாய்ப் பயில்வோருக்கு இவைதாம் அரிச்சுவடி.

இரண்டாம் படி கொங்டூரி. 3,000 மீட்டருக்குச் சற்று மேலுள்ள அவ்விடத்திற்குப் பழனி மலையில் ஓடும் ரோப் கார் போன்ற ஊர்தியில் செல்ல வேண்டும். அதன் முதற்கட்டம் 1998-இல் தொடங்கியது. ஓரளவு பழகியவர்களுக்கேற்ற நடுத்தரச் சரிவுகள் அங்கே உள்ளன. மூன்றாம் படி அபர்வத் மலையின் தோள். 2005-இல் தொடங்கிய இரண்டாம் கட்ட ஊர்தி நம்மை 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடுகிறது. அங்கே மரமில்லை. செங்குத்தான சரிவும், முழங்காலளவு புதையும் பனியும் உண்டு. கைதேர்ந்தவர்களுக்கு மட்டுமே அது உரியது. 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத்தில் பனிப்பாறை சரிந்து, போலந்து நாட்டினர் இருவர் உயிரிழந்தனர். கண்ணுக்கினிய வெண்மைக்குள் இத்தகைய ஆபத்தும் உறங்குகிறது.

அயல்நாடுகளில் சரிவுகளுக்கு வண்ணக்குறி இடுகிறார்கள். ஐரோப்பாவில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம். இதில் ஒரு விந்தை உண்டு. அமெரிக்க முறையில் அந்தந்த மலையின் சரிவுகளைத் தமக்குள் ஒப்பிட்டே இக்குறிகளை இடுகிறார்கள். ஆகவே ஒரு மலையின் நீலம் மற்றொரு மலையில் கறுப்பாக இருக்கக்கூடும்!

முதல் நாள், பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு நிற்பதே பெரும்பாடாயிற்று. பின்னர் பயிற்சியாளர் 'கலப்பை நிலை'யைக் கற்பித்தார். பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகற்றி, உள்விளிம்புகளை அழுத்த வேண்டும். மெல்ல அழுத்தினால் வேகம் குறையும். நன்கு அழுத்தினால் பலகை நின்றுவிடும். வலக்காலில் பாரத்தை ஏற்றினால் இடப்பக்கம் திரும்பலாம். கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தபோது, விழுந்தவளைத் தூக்கச் சென்றவளும் விழுந்தாள்.

மூன்றாம் நாள் தேர்வு. ஒவ்வொருவரும் சரிவில் இறங்கி வர வேண்டும், ஊதல் ஒலித்ததும் நிற்க வேண்டும். எங்கள் பள்ளியின் ஓட்டப்பந்தய வீராங்கனை அம்புபோல் வந்தாள். ஊதல் ஒலித்தது. அவள் நிற்காமல் போய்ப் பனிக்குவியலில் விழுந்தாள். விளையாட்டுத் திடலில் எப்போதும் ஓரமாய் நிற்கும், தடித்த கண்ணாடி அணிந்த தோழியோ நத்தைபோல் வந்து, ஊதல் ஒலித்த இடத்திலேயே நின்றாள். அவளையும் சேர்த்து ஏழு பேர் கொங்டூரிக்குத் தேர்வாயினர். வீராங்கனை உட்பட 11 பேருக்குப் புல்வெளிதான்.

அன்றிரவு வீராங்கனை உண்ணவில்லை. அவளுடைய தந்தை சீட்டுப் பணம் எடுத்து அவளை அனுப்பியிருந்தார். "சிஸ்டர், அப்பாகிட்ட நான் என்ன சொல்லுவேன்? எல்லாரையும்விட வேகமா வந்தது நான்தானே?" என்று அழுதாள். "மாஸ்டரையே காலையில கேளம்மா" என்றார் சிஸ்டர். அவளும் கேட்டாள். பயிற்சியாளர் சிரிக்கவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. "வேகத்தை மலையே தந்துவிடும். நிற்பதைத்தான் நீ கற்க வேண்டும். நிற்கத் தெரியாத உன்னை மேலே அனுப்பினால், கீழே வருபவர்களுக்கும் ஆபத்து" என்றார்.

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் பங்கேற்ற ஆரிஃப் கானும் சிறுவயதில் குல்மார்கின் சரிவுகளில் பழகியவரே. பலர் முடிக்க இயலாத மாபெரும் சறுக்குப் போட்டியில் அவர் 45-ஆம் இடம் பெற்றார். மணாலியைச் சேர்ந்த ஆஞ்சல் தாக்குர் 2018-இல் துருக்கியில் வெண்கலம் வென்று, பனிச்சறுக்கில் நம் நாட்டிற்கு முதல் பன்னாட்டுப் பதக்கத்தைக் கொணர்ந்தார். அவர்களும் ஒருநாள் எளிய சரிவில் விழுந்து எழுந்தவர்கள்தாமே!

எஞ்சிய நாட்களில் எங்களில் இன்னும் மூவர் மேலே சென்றனர். வீராங்கனை செல்லவில்லை. ஒரே சரிவில், ஒரே பாடத்தை, நாள்தோறும் மாலைவரை பயின்றாள். கடைசி நாள் ஊதல் ஒலித்தது. அவள் நின்றாள். 17 பேரும் கைதட்டினோம். அன்றிரவு தொலைபேசியில், "அப்பா, நான் நிக்கக் கத்துக்கிட்டேன்" என்று அவள் சொன்னது எங்கள் அனைவர் காதிலும் விழுந்தது.

இன்று நாங்கள் பத்தாம் வகுப்பின் இறுதியில் நிற்கிறோம். அறிவியலா, கணக்குப்பதிவியலா, தொழிற்கல்வியா என்று வீடுதோறும் பேச்சு. சிலரைப் பெற்றோர் மேலே போகச் சொல்கிறார்கள். சிலர் தோழி போகுமிடத்திற்கே போக விரும்புகிறார்கள். அன்புத் தோழியரே, பனிமலையில் சரிவுகளுக்குத்தான் தரம் பிரித்தார்கள், எங்களுக்கு அல்ல. எளிய சரிவில் நிற்பவள் தாழ்ந்தவளும் அல்லள், உயர்ந்த சரிவில் நிற்பவள் மேலானவளும் அல்லள். நம் கால்களுக்கு எது இன்று ஏற்றதென அறிந்து, அதில் உறுதியாய் நிற்கக் கற்போம். நாளை ஏறுவதற்கு மலை அங்கேயேதான் இருக்கும்.