சிரட்டைக்கரியும் மூடிய யன்னலும்

ஹூக்கா என்றதும் எம்மவருள் மூத்தோருக்கு நினைவில் வருவது, பழைய திரைப்படங்களில் திண்டில் சாய்ந்திருக்கும் நவாபும் அவருடைய நீண்ட புகைக்குழாயுந்தான். யாழ்ப்பாணத்தில் சுருட்டு இருந்தது, பீடி இருந்தது, வெற்றிலையோடு போடும் புகையிலை இருந்தது. ஹூக்கா எமது வாழ்வில் இருந்ததில்லை. ஆனால் புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்து வளர்ந்த எமது பிள்ளைகள் அதனை நன்கு அறிவர். பேர்லினிலும் பாரிசிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் 'ஷீஷா' என்ற பெயரில் அது அவர்களுடைய பிறந்தநாட் கூடல்களிலும் பரீட்சை முடிந்த இரவுகளிலும் இடம்பிடித்துவிட்டது. பெற்றோருக்கு இது தெரியாது என்று பிள்ளைகள் எண்ணுகின்றனர். பிள்ளைகள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று பெற்றோர் எண்ணுகின்றனர். இவ்விரு எண்ணங்களுக்கும் இடையில் எரிந்துகொண்டிருக்கும் கரித்துண்டைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகிறோம்.

நாம் இதனை அறிந்த விதம் வேறு. 1980களின் நடுப்பகுதியில் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பேர்லினுக்குள் வந்து தஞ்சம் கோரியோருள் நாமும் ஒருவர். எமக்கு ஒதுக்கப்பட்ட விடுதியில் தமிழரும் ஈரானியரும் லெபனானிலிருந்து வந்த பலஸ்தீனரும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். வேலை செய்ய அனுமதி இல்லை. கடிதம் வருமா, வழக்கு எப்போது எடுபடும் என்று காத்திருப்பதே அன்றாடத் தொழில். எதிர் அறையில் ஒரு பலஸ்தீனப் பெரியவர் இருந்தார். அவர் கொண்டுவந்த பொருட்கள் சொற்பம். அவற்றுள் துணியில் சுற்றிய மண்கிண்ணம் ஒன்றும் இருந்தது. கார்த்திகை விளக்கீட்டுக்கு ஏற்றும் சிட்டியைவிடச் சற்றுப் பெரியது. அடியில் ஐந்து துளைகள். கண்ணாடிச் சாடி, தண்டு, குழாய் ஆகிய ஏனையவற்றைத் துருக்கியர் கடைகளில் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார்.

அவர் அதனை 'அர்கிலே' என்பார். 'நர்கிலே' என்பதன் திரிபு அது. பாரசீக மொழியில் நார்கீல் என்றால் தேங்காய். வடமொழியின் நாரிகேளமே அங்கு அவ்வாறு ஆயிற்று. தொடக்கத்தில் நீர் நிரப்பும் பாத்திரமாகத் தேங்காய்ச் சிரட்டை பயன்பட்டதால் வந்த பெயர் இது. எமது வளவுத் தென்னை எங்கெல்லாம் சென்று என்னென்ன பெயர் பெற்றிருக்கிறது என்பதை அறிந்தபோது நாம் வியந்தோம்.

பெரியவர் அந்நாளிற் பயன்படுத்தியது பழவாசனை கலந்த இன்றைய சரக்கு அன்று. 'தும்பாக்' எனப்படும் வெறும் புகையிலையை நீரில் நனைத்து, பிழிந்து, கிண்ணத்தின்மேல் சிறு கோபுரம்போற் குவிப்பார். தணல் நேரே அதன்மேல் அமரும். இன்று எங்கும் விற்கப்படுவது 'மஅஸ்ஸல்'. தேனூட்டியது என்பது அச்சொல்லின் பொருள். சீனிப்பாகும் கிளிசரீனும் வாசனையும் ஊறிய ஈரப் புகையிலை அது. பின்னாளில் அவரும் அதற்கு மாறினார். ஆனால் அவருடைய பாடம் மாறவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, எமக்கு அரபு தெரியாது, இரு பகுதியாருக்கும் ஜேர்மன் மொழி அரைகுறை. ஆகவே அந்தப் பாடம் ஒரு சொல்லில் அடங்கிற்று: "ஹவா." காற்று.

கிண்ணம் நிரப்புவதை அவர் ஒரு சமையற்காரரின் கவனத்தோடு செய்வார். முதலில் பாகு வடியும்படி புகையிலையைச் சற்று நேரம் சரித்து வைப்பார். பின்னர் கட்டிகளை விரலால் உதிர்த்து, தடித்த காம்புகளைப் பொறுக்கி எறிவார். உதிர்ந்ததைப் பிட்டுக்கு மா தூவுவதுபோல் மேலிருந்து கிண்ணத்துள் தூவுவார், ஒருபோதும் அழுத்தமாட்டார். அழுத்தினால் அடித்துளைகள் அடைபடும், சூடான காற்று இலைகளின் ஊடாக இறங்காது, மேற்பரப்பு மட்டும் கருகித் தொண்டையைக் கிழிக்கும். கிண்ணத்தின் விளிம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் தாழ்வாக நிரப்பி நிறுத்துவார். இலை தகட்டைத் தொட்டால் அந்த இடம் முதலில் தீயும் என்பது காரணம். அதன்மேல் அலுமினியத் தாளை இரண்டாக மடித்து, மிருதங்கத்துக்குத் தோல் கட்டுவதுபோல் இழுத்துக் கட்டுவார். விரலாற் சுண்டினால் ஓசை எழவேண்டும். தொய்ந்த தாள் கரியின் பாரத்தில் இலைமீது படிந்துவிடும்.

துளையிடுவதே நுட்பமான வேலை. பல்லுக்குத்தும் குச்சியின் நுனியால், விளிம்பை ஒட்டி ஒரு வட்டம், உள்ளே இன்னொரு வட்டம், நடுவில் சில. துளைகள் பலவாகவும் சிறியனவாகவும் இருத்தல் வேண்டும். பெருந்துளை இட்டால் சாம்பல் உள்ளே விழும். துளை குறைந்தால் மூச்சுப்பிடித்து இழுக்க நேரும். கரி வைப்பதற்கு முன்னரே ஒருதரம் இழுத்துப் பார்ப்பார். நீரினுள் இறங்கும் தண்டு இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் அமிழ்ந்திருந்தாலும் இழுவை கடினமாகும். மூட்டுகளில் ஒழுக்கு இருந்தால் நீர் குமிழியிடாது, வெறுங்காற்றே வாய்க்கு வரும். ஈரத்துணி சுற்றி அவற்றை அடைப்பார். இப்போது இறப்பர் வளையங்கள் வந்துவிட்டன. கிண்ணங்களும் மாறிவிட்டன. அடியில் துளையின்றி நடுவே நிமிர்ந்த ஒற்றைக் குழலோடு வருபவை உண்டு. பாகு கீழே வடியாமல் கிண்ணத்திலேயே நிற்கும் என்பது அவற்றின் வசதி. ஆனால் அக்குழலின் வாயை இலையால் மூடினால் அதே சிக்கல்தான்.

எம்மோடு அறையில் இருந்த நண்பர் ஒருவர் ஊரில் சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். பெரியவரின் கையைப் பார்த்த முதல் நாளே அவருக்கு விடயம் விளங்கிவிட்டது. சுருட்டை இறுகச் சுற்றினால் இழுபடாது, தளரச் சுற்றினால் ஒரு பக்கமாக எரிந்துபோகும். நடுத்தரமே கைப்பழக்கம் என்றார். மொழியின்றி அவ்விருவரும் ஒரு மாலை முழுதும் பேசிக்கொண்டிருந்ததை நாம் கண்டோம். தொழிலாளிக்குத் தொழிலாளி விளங்கும் அந்த மொழியை எந்த அகதி விடுதியும் கற்பிப்பதில்லை.

கரியைப் பற்றிச் சொல்லவேண்டியது இன்னும் உண்டு. கடைகளில் இருவகை விற்கிறார்கள். தீக்குச்சி காட்டியதும் பொறிபறந்து பற்றிக்கொள்ளும் வட்டக் கரி ஒன்று. வேகமாகப் பற்றுவதற்கு மருந்து சேர்த்தது, அதன் நாற்றம் புகையில் ஏறும். மற்றது சதுரக் கட்டிகளாக வரும் சிரட்டைக்கரி. பெருமளவு இந்தோனேசியாவிலிருந்து இறக்குமதியாகின்றது. மின்னடுப்பின் சுருளில் வைத்து, கருமை எங்கும் இல்லாது சிவந்து சாம்பல் பூக்கும்வரை எரித்தபின்பே கிண்ணத்தின்மேல் வைக்கவேண்டும். இரண்டு மூன்று துண்டுகளை நடுவில் குவிக்காமல் விளிம்போரம் வைத்து, இடையிடையே இடம் மாற்றவேண்டும்.

சிரட்டைக்கரி எமக்குப் புதியதன்று. இஸ்திரிப்பெட்டியில் அதனைப் போட்டு, வெளியே கொண்டுபோய் விசிறித் தணலாக்கி, பாடசாலைச் சட்டைகளை மடிப்பெடுத்தவர்கள் நாம். அடுக்களையிலும் அது எரிந்தது. அதனால் எவரும் மயங்கி விழுந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. அதற்குக் காரணம் கரியின் நற்குணமன்று; எமது ஊர் வீடுகளின் அமைப்பு. ஓலைக்கூரைக்கும் சுவருக்கும் இடையே வெளி இருந்தது, சாத்தாத கதவு இருந்தது. இங்கோ யன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, சட்டத்தைச் சுற்றி இறப்பர். மாரிகாலத்தில் அதனை எவரும் திறப்பதில்லை. சூடு வெளியேறினால் கட்டணம் ஏறும்.

தணல் எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பற்றுடன் பிணைந்துகொள்ளும். ஹூக்காவின் நீர் புகையைக் குளிர்விக்கும்; இந்த வாயுவை வடிகட்டாது. புகை குளிர்ந்து தொண்டையை அரிக்காதிருப்பதாலேயே ஆழமாகவும் நெடுநேரமும் இழுக்க முடிகிறது. 2005 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பொன்று, ஒரே அமர்வில் உள்ளிழுக்கப்படும் புகையின் அளவு நூறு சிகரட்டுகளினதற்கு நிகராகவோ கூடவோ இருக்கலாம் என்று கூறியது. பிள்ளைகள் பெருமையோடு ஊதும் வெண்முகிலிற் பெரும்பகுதி கிளிசரீனும் நீருமே. காபனோரொட்சைட்டின் பெரும்பகுதியோ கரியிலிருந்து வருவது. "இது புகையிலை இல்லாத மூலிகைச் சரக்கு, ஒன்றும் செய்யாது" என்று அவர்கள் சொல்வதை நாமும் கேட்டிருக்கிறோம். மேலே இருக்கும் கரிக்கு, கீழே இருப்பது மூலிகையா புகையிலையா என்ற பேதம் கிடையாது.

2020 பெப்ரவரி 19 அன்று ஹனாவ் நகரில் ஷீஷா விடுதி உள்ளிட்ட இடங்களில் இனவெறியன் ஒருவன் சுட்டதில், குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது பேர் உயிரிழந்தனர். அதன்பின் அத்தகைய கடைகளுக்குப் போகவேண்டாமென்று பிள்ளைகளைத் தடுத்த பெற்றோர் எமது சுற்றத்தில் உண்டு. அவர்களுடைய அச்சத்தை நாம் குறை கூறோம். அடுத்த மாதமே கொரோனாவால் கடைகளும் மூடுண்டன. ஹூக்கா வீட்டுக்கு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாரிகால இரவு, எமக்கு நெருங்கிய குடும்பமொன்றின் மகன் நண்பர் மூவருடன் தனது அறையில் இருந்தான். தாயார் இரவு வேலைக்குப் போயிருந்தார். கிண்ணம் நேர்த்தியாகவே நிரப்பப்பட்டிருந்தது. அடைப்பில்லை, புகையும் நன்றாக வந்ததாம். யன்னல் பூட்டியிருந்தது. மணம் நடைக்கு வராதபடி கதவின் கீழ் ஒரு துவாயை மடித்துச் செருகியிருந்தான். ஒருவனுக்குத் தலையிடி, இன்னொருவனுக்கு வாந்தி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணியிருக்கிறார்கள். அவனோ எழுந்து நடக்கும்போது விழுந்தான். சத்தம் கேட்டு வந்த தங்கை யன்னலைத் திறந்து, 112 இற்கு அழைத்து, கரி எரிந்ததையும் சொன்னாள். அதைச் சொன்னதே பெரிய உதவி. விரலிற் பூட்டிப் பார்க்கும் சாதாரண ஒட்சிசன் மானி இந்த வாயுவைப் பிரித்தறியாது, எல்லாம் சரியென்றே காட்டும். குருதியைச் சோதித்தே அறியவேண்டும். அழுத்த அறையில் வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். நால்வரும் பிழைத்தனர்.

மருத்துவமனையில் அந்தத் தாயாரைச் சந்தித்தோம். "அவன் புகைச்சதுக்கு நான் அழேல்லை அண்ணை. எனக்குப் பயந்தெல்லோ கதவுக்குக் கீழை துவாய் வைச்சவன். அதுக்குத்தான் அழுறன்" என்றார்.

புகைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. விடுதியை விட்டு வந்தபின் நாம் அதனைத் தொட்டதுமில்லை. ஆயினும், ஏச்சுக்கு அஞ்சும் பிள்ளை ஒளித்துச் செய்கிறது; ஒளித்துச் செய்யும் பிள்ளை யன்னலைப் பூட்டுகிறது. சிகரட்டை ஒளித்துப் பிடிப்பவனுக்குத் தீங்கு மெல்ல வரும். ஹூக்காவை ஒளித்துப் பிடிப்பவனுக்கு அன்றிரவே வரலாம்.

எனவே எமது வீட்டிற் பேசினோம். மருமகன், இருபது வயது, முதலில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மண்கிண்ணத்தையும் ஐந்து துளைகளையும் பற்றிச் சொன்னபோது நிமிர்ந்தான். "மாமா, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமோ?" என்றான். தெரியும் என்றோம். வீட்டினுள் கரி மூட்டுவதில்லை என்பது அன்றைய உடன்பாடு. பல்கனியில் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு. அங்கும் குழாய்வழியே வருவது வரும் என்பதையும் மறைக்கவில்லை. கூரையில் மாட்டியுள்ள புகை எச்சரிக்கைக் கருவி இந்த வாயுவை உணராது என்பதால், அதற்கென்றே விற்கும் கருவியொன்றை வாங்கி நடையில் வைத்தோம். துணைவியார் வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணிக்குத் தணல் மூட்டுபவர். இப்போது அவரும் யன்னலைத் திறந்து வைக்கிறார்.

அவித்த கரியையும் நம்பலாகாது. வெளியே சாம்பலாகத் தோன்றினாலும் உள்ளே நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். பழைய பால்மா ரின் ஒன்றில் பாதிக்கு மணல் நிரப்பிப் பல்கனி மூலையில் வைத்திருக்கிறோம். மறுநாட் காலையில் மருமகன் அதில் தண்ணீர் ஊற்றி, தொட்டுப் பார்த்த பின்பே குப்பைக்குக் கொண்டுபோகிறான்.