கூரைமேல் ஒரு கூடாரம்

நமீபியா தேசத்தின் தலைநகரமாகிய வின்ட்ஹுக்கில் வாடகைக்கு மோட்டார் வண்டி எடுக்கும் பிரயாணிகள் பலருக்கு, வண்டியோடு வீடும் சேர்ந்தே கிடைத்துவிடுகின்றது. வண்டிக் கூரையின்மேல் சுமைச் சட்டமொன்றைப் பூட்டி, அதன்மேல் மடித்த கூடாரமொன்றை இணைத்திருப்பர். மாலையில் அதனை விரித்துச் சிறு ஏணியைச் சாய்த்தால், இருவர் துயிலும் அறை தயாராகிவிடும். குள்ளநரியும் பாம்பும் தேளும் உலவும் பாலைநிலத்தில், தரைக்கு மேலே ஓராள் உயரத்தில் உறங்குவது நிம்மதி தருவதன்றோ?

வின்ட்ஹுக் நகரம் 1,600 மீற்றருக்கு மேற்பட்ட பீடபூமியில் உள்ளது. அங்கிருந்து மேற்கு நோக்கி நமீப் பாலைவனத்திற்கு இறங்கும் வழியில், தார் வீதி முடிந்து சரளைக்கல் வீதி தொடங்குகின்றது. நம் நாட்டைப் போன்றே இடப்புறமாகவே வண்டி செலுத்த வேண்டும். ஸ்பிரீட்ஸ்ஹூக்டே என்னும் கணவாயோ மிகச் செங்குத்தானது. அதன்வழியே இழுவை வண்டிகளைக் கொண்டுசெல்லுதல் ஆகாது.

இத்தகைய வீதிகளிலேதான் கூரையின் கணக்கை நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஓடும்போது கூரை தாங்கக்கூடிய பாரம் இவ்வளவென்று வண்டியின் கைந்நூலிற் குறித்திருப்பர். பல வண்டிகளுக்கு அது 75 அல்லது 100 கிலோவே. சட்டத்திற்கும் தனி எல்லையுண்டு. இரண்டிற் குறைந்ததே செல்லுபடியாகும். எல்லை 100 கிலோ என்று கொள்வோம். கூடாரம் 60 கிலோ, சட்டம் 25 கிலோ எனில், மிஞ்சுவது 15 கிலோ மாத்திரமே. இருபது லீற்றர் நீர்க்கலன் ஒன்றையேனும் மேலே ஏற்ற இடமில்லை! கரடுமுரடான பாதைகளில் எல்லையை மூன்றிலொரு பங்கு குறைக்கும்படி சட்டம் செய்வோர் சிலர் கூறுவர். அவ்வாறு பார்ப்பின், கூடாரமும் சட்டமுமே எல்லையைத் தாண்டிவிடும்.

அங்ஙனமாயின், இரவில் இருவர் ஏறிப் படுப்பது எப்படி? அவர்கள் 140 கிலோ, படுக்கை 10 கிலோ என்றால், கூரைமேல் மொத்தம் 235 கிலோ ஆகின்றதே! நீர்க்குடத்தைத் தலையிற் சுமந்து நிற்பதும், அதே குடத்துடன் மேடுபள்ளத்தில் ஓடுவதும் ஒன்றல்ல. நிற்கும் வண்டியிற் பாரம் நேரே கீழ்நோக்கி அழுத்துகின்றது. ஓடும் வண்டியிலோ, குலுங்குந்தோறும் திரும்புந்தோறும் அதன் விசை பன்மடங்காகின்றது. ஆகவே, நிற்கும்போது தாங்கும் எல்லை பெரிது. ஓடும்போது தாங்கும் எல்லை சிறிது.

சட்டம் முறிவது மட்டுமன்று ஆபத்து. உச்சியிற் பாரம் ஏற ஏற வண்டியின் ஈர்ப்பு மையமும் உயர்கின்றது. சரளைக்கல்லிற் சில்லு வழுக்கும் வேளையில் சுக்கானைச் சட்டென ஒடித்தால் வண்டி கவிழும். அந்நாட்டிற்கு வரும் உல்லாசப் பயணிகளுக்கு நேரும் விபத்துக்களில் இதுவே பெயர்போனது. வாடகை நிறுவனங்கள் பல, சரளை வீதியில் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற் செல்லலாகாதென விதிப்பதும் இதனாலேதான். நீர், விறகு, எரிபொருள், மேலதிக ரயர் ஆகியவற்றை மேலே கட்டாது, கூடியவரை கீழே, வண்டியின் நடுப்பாகத்தில் வைப்பதே நன்று.

இவ்வாறு நிதானமாகச் சென்றால் செஸ்ரியம் வாயிலை அடையலாம். அப்பாலுள்ள செந்நிற மணற்குன்றுகள், 2013 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற நமீப் மணற்கடலைச் சேர்ந்தவை. வாயிலிலிருந்து 45 ஆவது கிலோமீற்றரில் நிற்கும் குன்றுக்கு அவ்வெண்ணே பெயராயிற்று. அதன்மேல் நின்று சூரியோதயத்தைக் காணச் செல்வோர், வின்ட்ஹுக்கில் வண்டியைப் பொறுப்பேற்கும்போதே கூரை, சட்டம், கூடாரம் ஆகிய மூன்றின் கணக்கையும் கேட்டறிந்து புறப்படுவார்களாக.