காபி அரைக்கும் துப்பாக்கி

முதலில் அந்த வளையத்தின் சத்தம்தான். பென்சில்வேனியாவில், கெட்டிஸ்பர்க்கிலிருந்து அரைமணி தூரத்தில், மகன் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெரியவர் அதைச் சுவரிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். 1863 மாடல் ஷார்ப்ஸ் கார்பைன், குதிரைப்படையின் குட்டைத் துப்பாக்கி. இடப்பக்கம் ஒரு இரும்புக் கம்பி, அதில் ஓடும் ஒரு வளையம். குதிரைவீரன் தோளில் குறுக்காகப் போட்ட வாரின் கொக்கி அந்த வளையத்தில் மாட்டிக்கொள்ளும். குதிரை எகிறினாலும் துப்பாக்கி விழாது. நான் வாங்கிய வேகத்தில் வளையம் சரிந்து 'கிணுக்' என்றது.

மாயவரத்தில் பாட்டியின் காபி மிஷின் கைப்பிடி இப்படித்தான் கிணுக்கும். ஜன்னலோரப் பலகையில் நாலு திருகாணியில் முடுக்கிய மிஷின். வறுத்த பீபரியைக் கொட்டிச் சுற்றுவது என் வேலை. பொடியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "இன்னும் அரைச்சுற்று முடுக்குடா" என்பாள். என் முழங்கை பட்டுப் பட்டே அந்தப் பலகை ஓரிடத்தில் வழவழப்பாகிவிட்டது.

பெரியவர் காட்டியதும் அப்படி ஒரு இடத்தைத்தான். வளையம் உரசி உரசி மரத்தில் விழுந்த ஆழமில்லாத பள்ளம். குழல் முனையில் கருநீலப் பூச்சு தேய்ந்திருந்தது, சேணத்துத் தோல்பையில் செருகிச் செருகி எடுத்ததால். கட்டையின் இடப்பக்கம் ராணுவப் பரிசோதகரின் முத்திரை, மங்கலாக. இது இருந்தால்தான் விலை. எவராவது ஆர்வக்கோளாறில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் போயிற்று. எங்கள் சித்தப்பா ஒரு பொங்கலுக்குக் காபி மிஷினைத் தேய்த்துப் பச்சை பெயிண்ட் அடித்தார். பாட்டி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

விசைக்காப்பைக் கீழே இழுத்தால் உள்ளே ஓர் இரும்புக் கட்டை இறங்கும். துணியில் சுற்றிய தோட்டாவைப் பின்பக்கமாகத் திணித்து விசைக்காப்பை மூடினால், ஏறிவரும் கட்டையின் கூர்விளிம்பு தோட்டாவின் வாலைச் சீவிவிடும். மருந்து வெளியே தெரியும். குழல்வாய் வழியாகக் கெட்டிக்கும் காலாட்படைக்காரன் ஒருமுறை சுடுவதற்குள் குதிரைவீரன் பலமுறை சுட்டுவிடலாம், அதுவும் படுத்தபடியே. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 1 காலை, கெட்டிஸ்பர்க்குக்கு மேற்கே வடக்குப் படைத் தளபதி பியூஃபர்டின் குதிரைவீரர்கள் குதிரையிலிருந்து இறங்கி நின்று தெற்கின் காலாட்படையைத் தாமதப்படுத்தியது இந்த மாதிரி கார்பைன்களால்தான். அன்றைய முதல் வேட்டு தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட பியூஃபர்டின் லெப்டினன்ட் மார்செல்லஸ் ஜோன்ஸ்கூட அதை ஒரு சார்ஜெண்டிடம் இரவல் வாங்கிய கார்பைனால்தான் சுட்டார்! அந்த இடத்தில் 1886இல் கல் நட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன், சின்னக் கல்தான்.

போர் முடிந்தபின் ஆயிரக்கணக்கான ஷார்ப்ஸ்களை உலோகத் தோட்டாவுக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் மாற்றப்படாததற்கு மவுசு அதிகம். 1898க்குள் செய்தது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பழம்பொருள், ஆகவே வாங்கவும் விற்கவும் கெடுபிடி குறைவு. பெரியவர் இதைச் சொல்லும்போது கண்ணடித்தார்.

எல்லாவற்றையும்விட மவுசு, கட்டைக்குள் அரவை மிஷின் பொருத்திய ஷார்ப்ஸுக்கு. பக்கவாட்டில் கைப்பிடி, உள்ளே பல்சக்கரம். வடக்குப் படைக்குக் காபி சோறு மாதிரி. கொட்டையாகத்தான் கொடுப்பார்கள், வீரர்கள் துப்பாக்கிக் கட்டையால் இடித்துக்கொள்வார்கள். ஆகவே படைப்பிரிவுக்கு ஒரு காபித் துப்பாக்கி என்ற கதையை யாரும் சந்தேகப்படவில்லை. பிறகு அசலில் காபிக்கொட்டை போட்டுச் சுற்றிப் பார்த்தார்கள். சரியாக அரைபடவில்லை. சோளமோ கோதுமையோ உடைக்கத்தான் செய்திருக்க வேண்டும் என்கிறார்கள் இப்போது. அசல் எண்ணிக்கை மிகக் குறைவு, போலிகள் ஏராளம்.

"என்னிடமும் ஒன்று இருக்கிறது" என்று சமையலறைக்கு அழைத்துப்போனார். அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். இளவயதில் சேமிப்பெல்லாம் போட்டு வாங்கியதாம்.

"காபி அரைக்குமா?" என்றேன்.

"பிரமாதமாக அரைக்கும். அப்படித்தான் போலி என்று கண்டுபிடித்தேன்."

சிரித்துக்கொண்டே கொட்டையைப் போட்டு என்னைச் சுற்றச் சொன்னார். எங்கள் மிஷினைப் பழைய இரும்புக்காரன் ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு எடுத்துக்கொண்டு போய் நாற்பது வருஷம் இருக்கும். கைக்கு மறக்கவில்லை. காபி நன்றாகத்தான் இருந்தது. பொடி மட்டும் கொஞ்சம் கொரகொரப்பு. இன்னும் அரைச்சுற்று முடுக்கியிருக்கலாம்.