ஜப்பான்காரன் கையால் ஒரு கவளம்

போன பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவனிடமிருந்து தொலைபேசி வந்தது. பினாங்குத் தீவில் ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறானாம். "சாரும் டீச்சரம்மாவும் ஒருநாள் வந்து என் எதிரே உட்கார்ந்து சாப்பிடணும். காசு பத்திப் பேசக்கூடாது" என்றான். பீடோங்கிற்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துப் பள்ளியில் படித்தவன். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஓடையில் கெளுத்தி பிடித்ததற்காக அவனை நான் ஒருமுறை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். அந்தக் கை இன்றைக்கும் மீனைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று என் மனைவி சிரித்தாள்.

சிரிக்காதவர் என் அம்மா ஒருவர்தான். "ஜப்பான்காரன் கடைக்கா? உன் பாட்டி இருந்திருந்தா வாசலைத் தாண்ட விட்டிருக்காது" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை புறப்பட்டோம். பால்மரங்கள் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. சுங்கைப்பட்டாணியைக் கடந்து, நெடுஞ்சாலையில் ஏறி, 1985-இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் பாலத்தின் வழியாகத் தீவுக்குள் நுழைந்தபோது விளக்கு வைக்கும் நேரம்.

கடையைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பெரிய பெயர்ப் பலகை கிடையாது. பழைய கடைவீட்டில் ஒரு மரக்கதவு. உள்ளே பத்துப் பேர் உட்காரலாம், மேசைகள் இல்லை. வழவழவென்று இழைத்த நீளமான ஒரே பலகை. அதற்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் சமையல்காரர். அறுபதை நெருங்கிய ஜப்பானியர். அவருக்கு இடப்புறம் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நம் பையன்.

இங்கே உணவுப் பட்டியல் கிடையாது. 'ஓமகாசே' என்கிறார்கள். 'உங்கள் பொறுப்பில் விட்டுவிட்டேன்' என்று பொருளாம். அன்றைக்கு எந்த மீன் நன்றாக இருக்கிறதோ அதைச் சமையல்காரரே தேர்ந்து, தாம் நினைத்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வைப்பார். நமக்கு இது புதிதல்ல. கல்யாணப் பந்தியில் யாராவது பட்டியல் கேட்கிறோமா? இலைமுன் உட்கார்ந்தால் வருவதைச் சாப்பிடுகிறோம். ஒரே வித்தியாசம், பந்திக்கு மொய் எழுதுகிறோம். இங்கே தலைக்கு முந்நூறு வெள்ளிக்கு மேல். எங்களுக்கு மாட்டிறைச்சி ஆகாது என்று பையன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான்.

சுசி என்றால் பச்சை மீன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது சோற்றின் பெயர். காடி, உப்பு, கொஞ்சம் சர்க்கரை கலந்து, மரத்தொட்டியில் கிளறி, விசிறி ஆற்றிய சோறு. கையில் எடுத்தால் உடம்புச் சூடு இருக்க வேண்டும். அதை இரண்டு விரல் அளவுக்குப் பிடித்து, மேலே ஒரு துண்டு மீனைப் படிய வைக்கிறார்கள். மூன்று நான்கு அசைவில் முடிந்துவிடுகிறது. இந்தச் சோறு பிடிக்கும் வேலையைத் தொடவே பையனுக்கு மூன்று வருடம் ஆனதாம். அதுவரை அரிசி களைந்தது, மீன் செதில் சுரண்டியது, தரை துடைத்தது.

இன்னொரு செய்தி கடாரத்துக்காரர்களுக்குப் பிடிக்கும். நம் ஊர்ச் சந்தையில் மலாய்க்காரர்கள் விற்கும் பெக்காசாம் தெரியுமல்லவா? ஆற்று மீனை உப்பிட்டு, வறுத்த அரிசி சேர்த்து, ஜாடியில் ஊறப்போட்டுப் புளிக்க வைப்பது. சுசியும் ஆதியில் அப்படித்தான் இருந்தது. மீனைச் சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைத்து, சோற்றைத் தள்ளிவிட்டு மீனை மட்டும் தின்றிருக்கிறார்கள். ஜப்பானில் பீவா ஏரிப் பக்கம் இன்றும் அந்தப் பழைய முறை இருக்கிறது. காத்திருக்கப் பொறுமையில்லாமல் காடி ஊற்றிய சோற்றில் மீனை வைத்து அப்போதே கொடுக்கும் வழக்கம், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று தோக்கியோ எனப்படும் எடோ நகரில் பரவியது. தெருவோரத்தில் நின்றபடியே தின்றுவிட்டுப் போகும் கூலிக்காரர் சாப்பாடாகத்தான் அது இருந்திருக்கிறது.

சூடான துண்டில் கையைத் துடைத்துக்கொண்டோம். "கையாலேயே சாப்பிடலாம் சார், அதுதான் பழைய முறை" என்றான் பையன். என் மனைவிக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. முதல் துண்டு வந்தது. வெள்ளை மீன், கண்ணாடி மாதிரி. அவள் எடுத்து வாயில் போட்டுவிட்டாள். என் கை மட்டும் நீளவில்லை.

பாட்டிக்கு அப்போது பன்னிரண்டு வயது. 1941 டிசம்பரில் ஜித்ரா சண்டையில் வெள்ளைக்காரன் பின்வாங்க, சில நாட்களில் கெடா முழுதும் ஜப்பான்காரன் கையில். கப்பல் நின்றது, பர்மா அரிசி நின்றது. நெற்களஞ்சியமான கெடாவிலேயே தோட்டத்துச் சனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கால் வீங்கினார்கள். 1943-இல் ஆள் பிடிக்க வந்தார்கள். மூன்று மாத வேலை, கைநிறையக் கூலி, அரிசி தருவோம் என்றார்களாம். பாட்டியின் அப்பா அந்த அரிசிக்காகத்தான் பெயர் கொடுத்தார். சுங்கைப்பட்டாணியில் சரக்கு வண்டியில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1943 அக்டோபரில் அது முடிந்தது. அதே மாதத்தில்தான் கெடாவின் நிர்வாகத்தையும் ஜப்பான் சயாமிடம் ஒப்படைத்தது. பாதை போட்ட போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. காலராவிலும் பட்டினியிலும் செத்த தமிழர், மலாய்க்காரர், பர்மியர் அதைவிடப் பல மடங்கு. அவர்களுக்கு அப்படியொரு வரிசை இல்லை. பாட்டி சாகும்வரை மரவள்ளிக்கிழங்கைத் தொட்டதில்லை. ஜப்பான் ரேடியோவைக்கூட வீட்டுக்குள் விட்டதில்லை.

"சார், ஆறிடும்" என்றான் பையன்.

எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன பயன்? மீனில் கவிச்சி இல்லை. சோறு வாயில் தானாக உதிர்ந்தது. அடுத்தடுத்து வந்தவற்றில், உப்பிலும் காடியிலும் ஊறிய ஒரு சிறு மீன் எனக்கு மிகவும் பிடித்தது. நம் வழக்கில் சொன்னால் அரைக் கருவாடு. சூரை மீனின் கொழுத்த வயிற்றுப் பகுதி வெண்ணெய் மாதிரி கரைந்தது. கடல் முள்ளெலியின் முட்டை என்று ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வைத்தார்கள். அதை மரியாதைக்காக விழுங்கினேன் என்பதே உண்மை. சல்மன் மீன் மட்டும் வரவில்லை. கேட்டதற்கு, அது பழைய வரிசையில் இல்லாதது, 1980-களில் நார்வேக்காரர்கள் விற்பனைக்காக ஜப்பானுக்குள் கொண்டுபோன பழக்கம் என்று பையன் விளக்கினான். பள்ளியில் வாய்பாடு ஒப்பிக்கத் திணறியவன் இவன்.

நடுவில் பெரியவர் சந்தை மலாயில் என்னைப் பார்த்து, "சிக்கு, கெடாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். குனோங் ஜெராய்க்குப் போயிருக்கிறாராம். மேலிருந்து பார்த்தால் வயல்கள் அழகு என்றார். நான் தலையை ஆட்டினேன். நாக்கு நுனிவரை வந்ததை உள்ளே தள்ளிக்கொண்டேன்.

பையன் அதைக் கவனித்துவிட்டான். அவர் மீன் எடுக்கத் திரும்பிய நேரத்தில் தமிழில் மெதுவாகச் சொன்னான்: "அஞ்சாம் ஆண்டுல நீங்க சயாம் ரயிலைப் பத்திச் சொன்னீங்களே சார். ஒருநாள் இவர்கிட்ட அதைச் சொல்லிட்டேன். கைதிங்களைப் பத்தி மட்டும்தான் இவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நம்ம ஆளுங்களைப் பத்தித் தெரியாது. மறுநாள் எங்கேயோ தேடிப் படிச்சிட்டு வந்தாரு. அன்னைக்கு முழுசும் பேசலை. சாயங்காலம், நாளையிலேர்ந்து நீ சோறு பிடிக்கக் கத்துக்கோன்னாரு."

"அதனாலதான்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"தெரியாது சார். நானும் கேட்கலை" என்றான்.

கடைசியில் இனிப்பான முட்டைப் பணியாரம் மாதிரி ஒன்று, சூடான தேநீர். அதற்கு முந்திய துண்டைப் பெரியவர் பிடிக்கவில்லை. பையன் பிடித்துக் கொடுத்தான். சற்றுப் பெரிதாக இருந்தது. பெரியவர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் எழுந்தபோது வாசல்வரை வந்து இடுப்பு வளையக் குனிந்தார். எல்லாருக்கும் அப்படித்தான் குனிவாராம். நானும் கைகூப்பினேன்.

வீடு திரும்பும்போது மணி பதினொன்றரை. அம்மா விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன போட்டான்?"

"சோறும் மீனும்."

"சோறு நிறைய வச்சானா?"

"இரண்டு விரல் அளவுதான்."

"அன்னைக்கும் அம்புட்டுதான் வச்சான்" என்று சொல்லிவிட்டு, எனக்காக எடுத்து வைத்திருந்த ரசத்தைச் சூடு பண்ண அம்மா எழுந்து போனார்.