உலகத்தை யார் வெட்ட முடியும்?

பினாங்கில் எங்கள் கடைவீட்டுக்கு அடுத்தது சீனர் ஒருவரின் மரப்பட்டறை. இழைப்புளிச் சத்தத்தில்தான் எங்களுக்குப் பொழுது விடியும். மரச்சுருள்கள் அஞ்சடி நடைபாதை வரை பரவிக் கிடக்கும். முதலாளியின் அப்பாவை அவர் பேரப்பிள்ளைகளைப் போல நானும் 'ஆ கோங்' என்றே கூப்பிடுவேன். ஃபூஜியன் கிராமத்தில், சிறுவனாக இருந்தபோதே மென்சியஸ் என்ற பழஞ்சீன அறிஞரின் நூலை மனப்பாடம் செய்தவர். பாதி ஹொக்கியன், பாதி மலாயில் அதைக் கதையாகச் சொல்வார்.

ஒருநாள் இரண்டு கதை. மாளிகைக்கென்று பெரிய மரம் கிடைக்கிறது. தச்சன் அதைச் செதுக்கிச் சிறிதாக்கிவிட்டால் அரசனுக்குக் கோபம் வராதா? அடுத்தது, கன்ஃபூசியஸ் 'தாய்' என்ற மலையில் ஏறியது. உச்சியில் நின்றவருக்கு உலகமே சிறிதாகத் தெரிந்ததாம். இரண்டிலும் ஒரே சொல்: 'சியாவ்', சின்னது. அதற்குப் பின்னால் ஒரு செயப்படுபொருள் வந்து உட்கார்ந்ததும் அது வினையாகிவிடுகிறது. விகுதி கிடையாது, ஒட்டு கிடையாது.

"அப்ப கன்ஃபூசியஸ் உலகத்தை வெட்டினாரா, ஆ கோங்?"

இழைத்துக்கொண்டிருந்த மகன் சிரித்துவிட்டார். கிழவர் சிரிக்கவில்லை. "மரத்தை வெட்டலாம். உலகத்தை யார் வெட்ட முடியும்?" என்றார்.

அன்று அவர் சொன்ன இலக்கணம் அவ்வளவுதான். பின்னாளில் படித்த புத்தகங்கள் மரக்கதையில் வருவதை 'ஆக்குதல்' என்றும் மலைக்கதையில் வருவதை 'கருதுதல்' என்றும் பிரித்துப் பெயர் வைத்திருந்தன. பெயர் வைப்பது சுலபம். எந்த வரியில் எது என்று பிரித்தறிய மரத்தையும் உலகத்தையும் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் நமக்கு இந்தப் பாடு குறைவு. அடங்கினான், அடக்கினான்; திரும்பியது, திருப்பியது. ஓர் எழுத்து வலித்தால் போதும்.

மாலையில் சீனச் சதுரங்கம் ஆடியபடி போர்க்கதைக்குப் போவார். 'செங்' வெல்வது, 'பாய்' தோற்பது. 'செங்' நேரானது; எதிரியின் பெயர் பின்னால் வந்தாலும் வராவிட்டாலும் முன்னால் நிற்பவனே வென்றவன். 'பாய்' அப்படியில்லை. தனியாக வந்தால் முன்னால் நிற்பவன் தோற்றான். பின்னால் எதிரி வந்துவிட்டால் முன்னால் நிற்பவனே வென்றான்! வெல்வது ஒருவன் செய்வது, தோற்பது ஒருவனுக்கு நேர்வது. நேர்வதைச் சொல்லும் வினைக்குப் பின்னால் ஒரு பெயர் வந்தால், அந்தப் பெயருக்கு அதை நேரவைத்தவன் முன்னால் வந்து நிற்கிறான். 'வா' என்பதற்கான சீனச் சொல்லும் அப்படித்தான், பின்னால் ஆட்களை வைத்தால் 'வரவழைத்தான்'. 'சாவு' மட்டும் பெரும்பாலும் வேறு வழி போகும்: பின்னால் வருபவரைக் கொன்றதாக ஆகாது, அவருக்காக உயிர்விட்டதாக ஆகும். சாவில் இந்த மரியாதை எனக்கு அப்போதே பிடித்தது.

6ஆம் நூற்றாண்டுச் சீன அறிஞர் யென் ஜிதுய் இந்தப் 'பாய்' பற்றி ஒரு செய்தி எழுதியிருக்கிறார். தெற்கத்திப் படிப்பாளிகள் 'ஸோ சுவான்' வரலாற்றை வாசிக்கும்போது, தன் படை உடைவதற்கு ஓர் ஒலி, பிறர் படையை உடைப்பதற்கு வேறோர் ஒலி என்று பிரித்தார்களாம். வலிந்து செய்த வேலை என்று அவர் தள்ளிவிட்டார். எனக்கு அவர் அவசரப்பட்டதாகத் தோன்றுகிறது. மிகப் பழைய சீனத்தில் அந்தச் சொல்லின் முதல் மெய் ஒன்றில் வல்லோசையாகவும் மற்றதில் அதிர்வோசையாகவும் இருந்திருக்கும் என்பது இன்றைய ஒலியாராய்ச்சியாளர் பலரின் கணிப்பு. ஆ கோங்கின் ஹொக்கியனில் இரண்டும் ஒன்றே. தமிழில் எழுதினாலோ, இரண்டுக்கும் இருப்பது ஒரே 'ப'.