அடுத்த வாரம் இவன் வேணும்



மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினேன். "சார், இங்கிலாந்தில் என்னென்ன பார்த்தீர்கள்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். உண்மையைச் சொன்னால் பெரும்பாலும் சாப்பாட்டு மேஜையைத்தான் பார்த்தேன். மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில் எழுபத்து நாலு வயதுக்காரன் வேறெங்கே போவது? அந்த மேஜையில் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள், இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பேரனுக்குப் பதின்மூன்று வயது. அவனிடம் 'விங்ஸ் ஆஃப் குளோரி' என்று ஒரு விளையாட்டுப் பெட்டி இருக்கிறது. உலகப்போர்க் கால விமானங்கள் மேஜைமேல் சண்டை போடும். ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக ஒரு சீட்டுக்கட்டு. இடப்பக்கம் வளை, வலப்பக்கம் வளை, நேராகப் போ என்று சீட்டில் அம்புக்குறி போட்டிருக்கும். எல்லோரும் ரகசியமாகச் சீட்டைத் தேர்ந்தெடுத்து ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். சீட்டை விமானத்துக்கு முன்னால் வைத்து, அம்பு முடிகிற இடத்துக்கு விமானத்தை நகர்த்த வேண்டும். எதிரி எங்கே வருவான் என்று ஊகிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடி வாங்கினால் எவ்வளவு அடி என்பது வாங்கியவனுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு மூன்றாம் நாளே பிடித்துப்போயிற்று.

ஆனால் ஒரு குறை கண்ணில் பட்டது. பேரனும் பக்கத்துத் தெருப் பையன் ஒருவனும் விளையாடுவார்கள். கடைசி விமானம் விழும்வரை இருவரும் விடமாட்டார்கள். இறக்கை கிழிந்து புகை கக்கிக்கொண்டிருக்கும் விமானமும் எதிரியை நோக்கியே பாயும். "இப்படி ஒரு விமானி செய்வானாடா?" என்று கேட்டேன். "தாத்தா, ஆட்டம் முடிஞ்சா எல்லாம் பெட்டிக்குள்ள போயிடும். எதுக்குத் திரும்பிப் போகணும்?" என்றான். சரியான கேள்வி. வீடு திரும்புவதால் ஒரு பயனும் இல்லை என்றால் எவன் திரும்புவான்?

அதற்கு மருந்து, ஆட்டங்களைக் கோத்துத் தொடராக்குவதுதான். 'கேம்பெயின்' என்கிறார்கள். இன்றைய ஆட்டத்தில் போன விமானம் அடுத்த ஆட்டத்தில் இல்லை, பிழைத்த விமானி அடுத்த ஆட்டத்துக்கு வருவான். இது புது யோசனை இல்லை. அமெரிக்காவில் மைக் கார் என்பவர் 1960களிலேயே 'ஃபைட் இன் த ஸ்கைஸ்' என்ற விமான விளையாட்டை உருவாக்கினார். அதில் விமானிக்குப் பெயர் வைத்து, பிழைத்தால் அவனையே அடுத்த ஆட்டத்திலும் வைத்துக்கொள்வார்கள்.

எந்தப் போரை எடுப்பது என்று பேச்சு வந்தது. பையன்கள் லண்டன் என்றார்கள். நான் இலங்கை என்றேன். முப்பத்து மூன்று வருஷம் வரலாறு நடத்தியவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா? தவிர அது எங்கள் வீட்டுக் கதையும்கூட. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று மெட்ராஸ் காலியானபோது, பத்து வயதுப் பெண்ணாக இருந்த என் அம்மா எழும்பூரில் ஜன்னல் வழியாக ரயிலுக்குள் தள்ளப்பட்டுக் கும்பகோணம் போய்ச் சேர்ந்தவள். சித்தப்பா பிள்ளைகள் இதை ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள்.

மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே நகுமோவின் படை, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இந்துமாக் கடலுக்குள் வந்தது. ஏப்ரல் 4 அன்று கொக்கலையிலிருந்து பறந்த ஒரு கேட்டலினா விமானம் அதைப் பார்த்துவிட்டது. பர்ச்சால் என்ற கனடாக்காரர் அதன் விமானி. செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டுக் கைதியானார். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பில் குண்டு விழுந்தது. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், மேல்தளத்தில் ஒரு விமானமும் இல்லாமல், மூழ்கடிக்கப்பட்டது.

இதை மூன்று சனிக்கிழமை ஆட்டமாக்கினேன். முதல் வாரம் கேட்டலினா, அடுத்தது கொழும்பு, அதற்கடுத்தது திருகோணமலை. பேரன் ஜப்பான், நண்பன் பிரிட்டிஷ், நான் நடுவர். பெட்டியில் இல்லாத விமானங்களை கார்ன்ஃபிளேக்ஸ் அட்டையில் வெட்டிக்கொண்டோம். ஒவ்வொரு விமானிக்கும் ஒரு சின்ன அட்டை, பெயர் பையன்களே வைத்தார்கள். விமானம் விழுந்தால் பகடை உருட்ட வேண்டும். தரைமேல் பாராசூட்டில் குதித்தவன் பிழைக்க வாய்ப்பு அதிகம், கடலில் குதித்தவனுக்குக் குறைவு. தன் மண்ணுக்கு மேலே சண்டை போடுகிறவனுக்கு அந்த ஒரு லாபம் உண்டு.

கொழும்பு ஆட்டத்தின் பாதியிலேயே மாற்றம் தெரிந்தது. நண்பனின் ஹரிகேன் ஒன்று நன்றாக அடி வாங்கியிருந்தது. இன்னும் ஒரு தடவை சுடலாம், நல்ல கோணமும் இருந்தது. பையன் யோசித்தான். சீட்டை மாற்றி, விமானத்தை இரத்மலானைப் பக்கம் திருப்பினான். பேரன் "பயந்தாங்கொள்ளி" என்று கத்தினான். அவன் அட்டையைக் கையில் எடுத்து, "அடுத்த வாரம் இவன் வேணும்" என்றான். (அவன் சொன்னது ஆங்கிலத்தில். தமிழில் இன்னும் நன்றாக இருக்கிறது.) எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும்போல் இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

கொழும்பில் நண்பன் பன்னிரண்டு ஹரிகேனில் ஒன்பதை இழந்துவிட்டான். ஜீரோ விமானம் சிறிய வட்டத்தில் திரும்பும், ஹரிகேன் அதோடு சேர்ந்து சுற்றினால் மாட்டிக்கொள்ளும். உண்மையான கொழும்பிலும் அதுதான் நடந்தது. என் விதிப்படி இழப்பு முழுவதும் அடுத்த ஆட்டத்துக்குப் போகும். போதாததற்கு, எதிரியை வீழ்த்திய விமானிக்கு அனுபவப் புள்ளி என்றும் வைத்திருந்தேன். ஆக மூன்றாம் சனிக்கிழமை ஒரு பக்கம் மூன்று ஹரிகேன், மறுபக்கம் தேறிய விமானிகளோடு ஒரு பெருங்கூட்டம். இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பையன் கோட்டை மாட்டிக்கொண்டு, தேங்க்யூ சொல்லிவிட்டுப் போனான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. ஹோம்வொர்க் இருக்கிறதாம்.

"தோத்துட்டான்ல தாத்தா, அதான் வரலை" என்றான் பேரன்.

"போன வாரம் தோத்ததுக்கு அவன் வராம இல்லடா. அதுக்கு முந்தின வாரமே தோத்தாச்சு. போன வாரம் சும்மா வந்து உட்கார்ந்துட்டுப் போனான்" என்றேன்.

சொன்ன பிறகு அந்த வாக்கியம் என்னை விடவில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஹீட்டர் சத்தம் என்று மகளிடம் சொன்னேன். சத்தம் ஹீட்டரில் இல்லை.

1987-88, ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். காலாண்டுத் தேர்வு மதிப்பெண்படி நான் உங்களை உட்கார வைப்பேன். முதல் மதிப்பெண் முதல் பெஞ்ச், கடைசி மதிப்பெண் கடைசி பெஞ்ச். வருஷம் முழுக்க அதே இடம்தான். படிக்காதவனுக்கு ரோஷம் வரும் என்று நினைத்தேன். கேள்வி கேட்டாலும் முதல் மூன்று பெஞ்சோடு நின்றுவிடும். வரலாற்றில் 19 மதிப்பெண் வாங்கிய ஒருவன் கடைசி பெஞ்ச் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். வரைபடம் மட்டும் அச்சு மாதிரி போடுவான். காவிரியின் கிளைகளைப் பார்க்காமல் வரைகிற கை. அரையாண்டு விடுமுறை முடிந்து அவன் வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தவன் நான்தான். குடும்பக் கஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கஷ்டம் இருந்திருக்கும். ஆனால் அரையாண்டுத் தேர்வை அவன் எழுதும்போதே அவனைப் பொறுத்தவரை வருஷம் முடிந்திருந்தது. முடித்து வைத்தது என்னுடைய பெஞ்ச் வரிசை.

மறுநாள் காலை நோட்டை எடுத்து விதிகளை மாற்றி எழுத உட்கார்ந்தேன். தோல்வி அடுத்த ஆட்டத்துக்குப் போகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பழையபடி எல்லாம் பெட்டிக்குள். ஆனால் எவ்வளவு போகலாம்? கஞ்சிக்கு உப்பு மாதிரிதான், கை பழக வேண்டியிருக்கிறது. ஐந்து நாள் எழுதி அழித்தேன்.

முதல் மாற்றம் அனுபவப் புள்ளியில். எதிரியை வீழ்த்தியதற்கு இல்லை, உயிரோடு வீடு திரும்பியதற்குத்தான் புள்ளி. ஜெயித்தவன் மேலும் மேலும் ஏறிப்போவது இதனால் கொஞ்சம் நின்றது. அடுத்தது, ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் பிரிட்டிஷ் பக்கத்துக்கு நாலு புது விமானம் வரும், ஓட்டுகிறவன் கற்றுக்குட்டி. ஜப்பானுக்கு ஒன்றும் வராது, ஏனென்றால் கப்பல் வீட்டை விட்டு வெகுதூரம் வந்திருக்கிறது. பேரன் "இது போங்காட்டம்" என்று குதித்தான். அவனுக்கு நடந்த கதையைச் சொன்னேன். இலங்கையைத் தாக்கிய ஐந்து கப்பல்களில் ஒன்று ஸுய்காகு. அடுத்த மாதம் பவளக் கடல் சண்டையில் அந்தக் கப்பலுக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் அதன் விமானங்களும் விமானிகளும் அவ்வளவு பேர் போய்விட்டதால், ஜூன் மாதம் மிட்வேக்கு அதனால் போக முடியவில்லை. மிட்வேயில் ஜப்பான் நாலு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. அதில் மூன்று இலங்கைக்கு வந்தவை. பேரன் சத்தம் போடாமல் தன் விமானி அட்டைகளை எண்ண ஆரம்பித்தான்.

எனக்கே பெருமையான மாற்றம் ஒன்று உண்டு. முன்பு தோற்றவனுக்கு அதே ஆட்டத்தைக் குறைந்த ஆளோடு ஆடக் கொடுத்தேன். இப்போது வேறு ஆட்டம் கொடுத்தேன். கேட்டலினாவின் செய்தி போய்ச் சேர்ந்தால் துறைமுகத்தில் கப்பல் குறைவு, குண்டு போட்டாலும் ஜப்பானுக்குப் புள்ளி குறைவு. ரேடார் எச்சரிக்கை கிடைக்காவிட்டால் ஹரிகேன்கள் ஓடுபாதையிலிருந்தே கிளம்ப வேண்டும். ஆனால் குதிரைப் பந்தயத் திடலில் ஒரு ஸ்குவாட்ரன் ஒளிந்திருக்கும், அது ஜப்பானுக்குத் தெரியாது. இதெல்லாம் என் கற்பனை இல்லை. கொழும்பில் ரேடார் கைவிட்டது, பந்தயத் திடலில் ஹரிகேன்கள் நின்றதும் ஜப்பானியருக்குத் தெரியாது. திருகோணமலையில் ரேடார் முன்கூட்டியே சொன்னதால் சீனன்குடா விமானங்கள் மேலே ஏறிக் காத்திருந்தன.

சண்டை விமானம் எல்லாம் போனாலும் கடைசியாக ஒரு வாய்ப்பு வைத்தேன். ஏப்ரல் 9 அன்று ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவின் கப்பலைத் தேடிப் போயின. 'அகாகி'க்குப் பக்கத்துத் தண்ணீரில் குண்டு விழுகிற வரைக்கும் அவர்களை யாரும் கவனிக்கவில்லை. ஒரு குண்டும் கப்பலைத் தொடவில்லை, ஐந்து விமானம் திரும்பவில்லை. ஆனாலும் போனார்கள். எவ்வளவு தோற்றிருந்தாலும் அந்த ஒன்பது விமானம் உனக்கு உண்டு என்று விதி எழுதினேன்.

பையனைத் திரும்பக் கூப்பிடுவதுதான் கஷ்டமாக இருந்தது. பேரன் போய்க் கூப்பிட்டான், வரவில்லை. கடைசியில் மகள் முறுக்கு டப்பாவோடு என்னை அவர்கள் வீட்டுக்கு அனுப்பினாள். அவன் அம்மா உள்ளே கூப்பிட்டாள். என் ஆங்கிலத்தில் அவனிடம், "விதி தப்பு. நான்தான் தப்பா எழுதினேன். மாத்திட்டேன்" என்றேன். ஒரு பதின்மூன்று வயதுப் பையனிடம் அப்படிச் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவன் நோட்டை வாங்கி இரண்டு பக்கம் படித்தான். "நாலு விமானம் அதிகம், மூணு போதும்" என்றான்.

மூன்றே வைத்தோம். மறுபடியும் தோற்றான். ஆனால் கடைசிச் சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை வரை ஆட்டம் போயிற்று. அவனுடைய ஒரு பிளென்ஹைம் அகாகிக்கு மேலே வந்து பகடை உருட்டியபோது, சமையலறையிலிருந்து மாப்பிள்ளைகூட ஓடி வந்தார். ஒன்றுதான் விழுந்தது. மேஜையைச் சுற்றிப் பெரிய கூச்சல்.

இப்போது அவர்கள் இருவரும் சேர்ந்து மால்டாவை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்காரர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயரைக் கமெண்டில் போட வேண்டாம். அவன் எங்கே இருக்கிறான், தொடர்பு எண் யாரிடமாவது இருக்கிறதா என்று இன்பாக்ஸில் மட்டும் சொல்லுங்கள். பேச விருப்பமா என்று முதலில் அவனிடம் கேட்டுவிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது. வேண்டாம் என்றால் அதையும் சொல்லுங்கள்.